ஜக்கம்மாளை மலைக்குக் கூட்டிப்போன நாள்

முத்துப்பாண்டி சொல்லி முடித்த பிறகும் சின்னச்சாமி மடை மாற்றிக்கொண்டுதான் இருந்தார். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி நிரம்பிய பாத்தியின் வாயை அடைத்தார். அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் மக்காச்சோளத் தூர்களுக்கு நடுவே மெல்ல ஓடியது. அது கடைசித் தூர் வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மாமா, நான் சொன்னது வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

"ஜெகதீஷ் போயிட்டான் மாமா."

"அதான் வெளங்குச்சுங்கிறேன்ல."

விடிந்தும் விடியாத நேரம். ஜெகதீஷ் சின்னச்சாமியின் மகன், வயது இருபத்தாறு. கோயம்புத்தூரில் மோட்டார் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. முந்தின நாள் இரண்டாவது ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும்போது மழை பெய்திருக்கிறது. பைக் வழுக்கி, பின்னால் வந்த லாரியின் அடியில் போய்விட்டான். கூட இருக்கும் பையன்கள் சின்னச்சாமிக்குத்தான் முதலில் போன் அடித்திருக்கிறார்கள். அவர் போன் மோட்டார் ரூமில் சார்ஜில் கிடந்தது. அதனால் சேதி தாய்மாமன் முத்துப்பாண்டிக்குப் போனது. முத்துப்பாண்டி அக்கா வீட்டு வாசலை மிதிக்காமல் நேராகத் தோட்டத்துக்கு வந்துவிட்டான்.

வரும்போதே அவன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். அவன் மகன் பிரதீப் திருப்பூரிலிருந்து கிளம்பிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு வண்டி இங்க வந்து சேர ஆறு மணி ஆயிரும். அது வரைக்கும் அக்காவுக்குத் தெரியக்கூடாது. எங்கய்யா செத்தப்ப என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தகப்பன் செத்த சேதி கேட்டு ஜக்கம்மாள் அடுப்படியிலேயே விழுந்தாள். தேனியில் மூன்று நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். இதயம் பலமில்லை, அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"வீட்டுல வச்சுக்கிட்டு மறைக்க முடியாது மாமா. ஊரு வாய மூட முடியுமா? பந்தல் போடணும், ஆளுக வருவாக. நீங்க அக்காவக் கூட்டிட்டு மலைக்குப் போயிருங்க. பாண்டியராஜன்ட்டச் சொல்லிட்டேன், காரோட வருவான்."

"மலைக்குப் போயி?"

"சுத்திப் பாருங்க. பூப்பாறை, ஆனையிறங்கல், எங்கயாவது. நான் போன் பண்றப்ப வாங்க."

ஏன் சரி என்றோம் என்று பின்னால் சின்னச்சாமி பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் யாராவது கிணற்றில் குதி என்றிருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்திருப்பார். சொந்தமாக எதையும் நினைக்க முடியவில்லை. யாராவது ஏதாவது சொன்னால் செய்துவிடலாம் போலிருந்தது. மோட்டாரை அணைத்தார், தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினார், வீட்டுக்குப் போனார்.

ஜக்கம்மாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பூப்பாறையில் ஒரு ஏலத்தோட்டம் குத்தகைக்கு வருகிறதாம், பார்த்துவிட்டு வரலாம், நீயும் வா என்று அவர் சொன்னதும் தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"நானா?"

"ஆமா. அப்பிடியே ஆனையிறங்கல் வரைக்கும் போயிட்டு வருவம்."

"ஒங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வான்னா வெரசாக் கெளம்பேன்."

சிலமலையில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அடுப்படிக் கதவைத் திறந்தால் அந்த மலைதான் அவள் கண்ணில் படும். ஆனாலும் மேலே போனது இரண்டே தடவை. பூப்பாறைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருமுறை, அதே வீட்டுச் சாவுக்கு ஒருமுறை. இரண்டு தடவையும் இருபது பேரை அடைத்த ஜீப்பில் முன்னால் இருந்தவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்வந்தாள். இன்றைக்குக் கார் என்றதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை மணி நேரத்தில் புளிச்சோறு கிண்டித் தூக்குவாளியில் அடைத்தாள். கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டும் மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் முத்துப்பாண்டி வந்து, ஆதார் நம்பரை இணைக்க வேண்டும், நானே போடியில் கொடுத்துச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவள் போனை வாங்கிக்கொண்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வாங்கினான்.

எட்டு மணிக்குக் கார் கிளம்பியது. பாண்டியராஜனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தினமும் தோட்ட வேலைக்காரர்களை ஜீப்பில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறவர். டூரிஸ்ட்டுக்கு என்று ஒரு காரும் வைத்திருந்தார். ஜெகதீசுக்குப் பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஏறும்போது ஜக்கம்மாள், "என்ன தம்பி, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு?" என்று கேட்டாள்.

"ராத்திரித் தூக்கமில்ல மதினி."

"அப்ப பாத்து ஓட்டுங்க. மலை ரோடு."

போடியில் டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தியபோது எதிரே பூக்கடை. "ரெண்டு மொழம் பிச்சி வாங்கிக் குடுங்களேன்," என்றாள். சின்னச்சாமி இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் காரின் சின்னக் கண்ணாடியில் எட்டிப் பார்த்து வைத்துக்கொண்டாள். கார் முழுக்கப் பூவாசம் நிறைந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. அவர் சட்டைப்பையில் போன் சத்தமில்லாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கும், நாலு மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அதிரும். நெஞ்சுக்கு மேல் ஒரு தவளையைக் கட்டி வைத்தது போலிருந்தது. அதை எடுத்து வேட்டி மடிப்புக்குள் வைத்தார். அங்கேயும் அதிர்ந்தது.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையில் நம்பர் எழுதியிருந்தது. ஜக்கம்மாள் பலகையைப் பார்க்காமல் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தாள். பத்து என்று அவள் சொன்னபோது பலகை பன்னிரண்டு என்றது. "நடுவுல எங்கயோ ரெண்ட விட்டுட்டேன்," என்று சிரித்தாள். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்தது. எதிரே இறங்கி வந்த ஜீப்புக்காரர் ஒருவர் பாண்டியராஜனைப் பார்த்து வண்டியின் வேகத்தைக் குறைத்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பாண்டியராஜன் நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்தார்.

ஒரு வளைவில் தடுப்புச் சுவர் ஓரம் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கீழே போடி, சுண்ணாம்பு தெறித்த மாதிரிக் கிடந்தது. அதற்கும் தெற்கே தென்னந்தோப்புகள், செம்மண் காடுகள்.

"அந்தாப் பாருங்க. அந்தத் தண்ணித் தொட்டி நம்ம ஊருதான?"

அவர் பார்த்தார். இந்நேரம் அங்கே பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருப்பார்கள். இந்த உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு புள்ளிதான்.

"ஒரு போட்டோ எடுங்க. தம்பிக்கு அனுப்புவம். எங்க போயிருக்கேன்னு பாத்துட்டு அவனே போன் போடுவான்."

அவர் எடுத்தார். படம் ஆடாமல் தெளிவாக விழுந்தது. அது அவருக்கே வியப்பாக இருந்தது. மகனின் வாட்சப்பைத் திறந்தார். கடைசியாக முந்தின நாள் சாயங்காலம் அவன் எழுதியிருந்தான், யூரியா மூட்டை கிடைத்ததா அப்பா என்று. இவர் பதில் போடவில்லை. அதற்குக் கீழே ஜக்கம்மாள் மலையோரம் நின்று சிரிக்கிற படம் போய் விழுந்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"பாத்துட்டானா?"

"வேலையில இருப்பான்."

அவர் போனை வைப்பதற்குள் அது மறுபடி அதிர்ந்தது. விரல் பட்டுத் தானாக எடுத்துவிட்டது. திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் கார்த்திகா. "அப்பா... அப்பா..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

"ம்," என்றார். "ம். சரித்தா."

"யாரு, கார்த்திகாவா? இங்க கொண்டாங்க," என்று ஜக்கம்மாள் கையை நீட்டினாள். தாயின் குரல் கேட்டதும் மறுமுனையில் கார்த்திகாவே வைத்துவிட்டாள்.

"சிக்னல் போயிருச்சு."

"அழுத மாதிரி இருந்துச்சே?"

"சளி பிடிச்சிருக்காம்."

"சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடின்னா கேக்க மாட்டா," என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறினாள்.

போடிமெட்டுச் சோதனைச் சாவடி தாண்டியதும் கேரளம். தோண்டிமலை வழியாகப் பூப்பாறைக்குப் போகிற பாதை முழுக்க ஏலச்செடிகள். உயரமான மரங்களுக்குக் கீழே வெயில் இறங்காமல் பச்சையாகக் கிடந்தது. ஆங்காங்கே தகரக் கூரை வீடுகள், முற்றத்தில் துணி காய்ந்தது, சின்னதாக ஒரு மாதா சிலை, அதற்கு எதிரே ஒரு காளியம்மன் சூலம். ஜக்கம்மாள் எதையும் விடாமல் பார்த்து, பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னச்சாமி மகனின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். முகம் வரவில்லை. பைக்கில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனின் பிடரிதான் வந்தது. அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து போவார். மாட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினோமா என்று ஒரு எண்ணம் வந்தது. அது போகவே இல்லை.

பூப்பாறையில் ஒரு சாயாக்கடை. கடைக்காரப் பெண் மலையாளம் கலந்து பேசினாள்.

"இரிக்கு சேச்சி. எவிடந்நா, போடியா?"

"போடி பக்கம் சிலமலை," என்றாள் ஜக்கம்மாள். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் பல நாள் பழகியவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"மக்கள் எத்ர பேரு சேச்சி?"

"ரெண்டு. மூத்தவளக் கட்டிக்குடுத்தாச்சு. சின்னவன் கோயமுத்தூர்ல சோலி பாக்குறான். வர்ற தையில அவனுக்குப் பொண்ணு பாக்கணும். கோவக்காரப் பய. ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிற மாட்டான்."

பாண்டியராஜன் பாதி குடித்த சாயாவை வைத்துவிட்டு எழுந்து போனார். காரின் முன்மூடியைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கடையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்தன. சின்னச்சாமிக்குப் பசித்தது. வயிற்றைப் பிசைகிற மாதிரிப் பசி. இப்படிப் பசிக்கலாமா என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே சாப்பிட்டார். குழம்பில் குடம்புளியின் புளிப்பு நாக்கில் ஏறியது. இன்னொரு தட்டு வாங்கினார். ஜக்கம்மாள் சிரித்தாள். "வீட்டுல நான் வச்சா மட்டும் மொகரையச் சுளிப்பீக."

அங்கே கால் கிலோ ஏலக்காய் வாங்கினாள். கடைக்காரப் பெண்ணின் அண்ணன் தோட்டத்துக் காயாம். குத்தகைத் தோட்டம் என்னாச்சு என்று கேட்டதற்கு, ஆள் வரவில்லையாம் என்று சொல்லி முடித்துவிட்டார். அவளுக்கும் அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனையிறங்கல் அணைக்கரையில் மூன்று மணி நேரம் இருந்தார்கள். சுற்றிலும் தேயிலைச் சரிவு, நடுவே தண்ணீர். காலையில் அக்கரையில் யானைகள் நின்றன என்று ஒரு காவல்காரர் சொன்னார். அதனால் ஜக்கம்மாள் அக்கரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். புளிச்சோற்றை மூன்று பேருக்கும் வாழையிலையில் வைத்தாள். பாண்டியராஜன் தன் பங்கை வாங்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"ஏங்க, நெசமாச் சொல்லுங்க. இருவத்தெட்டு வருசத்துல சினிமாவுக்குக் கூடக் கூட்டிட்டுப் போனதில்ல. இன்னைக்கு யாரு புத்தி சொன்னது?"

"முத்துப்பாண்டிதான்."

"அதான பாத்தேன். எந்தம்பிக்காவது தோணுச்சே."

அவர் தண்ணீரைப் பார்த்தார். காற்று அடிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது, பிறகு திரும்பி வந்தது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அது மரத்துப்போன காலில் யாரோ கை வைத்த மாதிரித்தான் இருந்தது.

இரண்டேகாலுக்கு முத்துப்பாண்டியின் அழைப்பு. சின்னச்சாமி எழுந்து தேயிலைச் செடிகளுக்கு ஓரமாகப் போய்ப் பேசினார்.

"வண்டி ஒரு மணிக்கே கெளம்பிருச்சு மாமா. ஆறுக்கு வந்துரும். நீங்க ஆறரைக்கு மேல வாங்க. நேரா வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. பொம்பளைக அக்காவத் தாங்கிக்கிருவாக. டாக்டரும் வந்து உக்காந்திருப்பாரு. வர்ற வழியில ஒண்ணும் சொல்லிறாதீக."

"சரி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். ஜக்கம்மாள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் பிச்சிப்பூ இன்னும் வாடவில்லை. வெயிலில் அந்த மயில்கழுத்துச் சேலை பளபளவென்று இருந்தது.

இந்தச் சேலையோடு இறங்குவாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பூவோடு, கையில் ஏலக்காய்ப் பையோடு, முந்நூறு பேர் கூடியிருக்கிற வாசலில் சிரித்த முகமாகக் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்குவாள். அதை எல்லாரும் பார்ப்பார்கள். அவள் சாகிற வரைக்கும் அதைச் சொல்வார்கள். அவளும் சாகிற வரைக்கும் அதை நினைப்பாள். காலையிலிருந்து ஒன்றுமே உறைக்காதவருக்கு அது மட்டும் உறைத்தது.

போடிமெட்டுக்குத் திரும்பி வந்தபோது மஞ்சு மூட்டம் இறங்கியிருந்தது. மூன்றாவது வளைவு இறங்குவதற்குள் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. லோடு ஏற்றிய லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. பாண்டியராஜன் இஞ்சினை அணைத்தார். ஜக்கம்மாள் ஏலக்காய்ப் பையைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜக்கு," என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

"என்ன?"

"தம்பி செத்துப்போயிட்டான்."

"எந்தத் தம்பி? முத்துப்பாண்டியா?"

"நம்ம தம்பி. ஜெகதீசு. ராத்திரி பைக்கில வரும்போது."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பினாள். "பாண்டி தம்பி, இவரு என்ன சொல்றாரு?"

பாண்டியராஜன் திரும்பவில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அவள் விழவில்லை. மயங்கவில்லை. கையில் இருந்த பையின் வாயைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"வெள்ளன. தோட்டத்துல இருக்கும்போது."

"அப்ப நான் தோச ஊத்தும்போது?"

"தெரியும்."

"பூ வாங்கிக் குடுத்தப்ப?"

"தெரியும்."

"போட்டோ எடுத்தீகளே. அவனுக்கு அனுப்புனீகளே."

அவர் கை வேட்டி மடிப்பில் இருந்த போனின் மேல் போனது.

"அந்தப் பொம்பளைட்டப் பொண்ணு பாக்கணும்னு பேசுனேனே. பக்கத்துலதான உக்காந்திருந்தீக?" என்றாள். பிறகு, ஏதோ முக்கியமானது நினைவுக்கு வந்தவள் போல, "ரெண்டு தட்டு சாப்டீக," என்றாள்.

"பசிச்சுச்சு."

அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் குனிந்து மத்தியானம் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். அவர் போய்த் தலையைப் பிடித்தார். நிமிர்ந்தவள் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை. வலித்ததா என்று கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு அவள் தலைப்பூவை முடியோடு பிய்த்துப் பள்ளத்தில் எறிந்தாள்.

லாரி நகர்ந்தது. வண்டிகள் ஆரன் அடித்தன. ஏறினார்கள். முந்தல் வந்து சேரும்வரை அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. ஆட்டுரலில் குழவி வெறுமனே சுற்றுகிற சத்தம் போலிருந்தது. சின்னச்சாமி அவள் நெஞ்சுத் துடிப்பையே கவனித்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த அவள் இதய மாத்திரைப் பையை மடியில் திறந்து வைத்திருந்தார். அவள் மாத்திரை கேட்கவில்லை. அவர் நீட்டியபோது வாங்கி விழுங்கினாள்.

சமதளம் வந்ததும் சத்தம் நின்றது. "எதுல வர்றான்?" என்று கேட்டாள்.

"ஆம்புலன்ஸ்ல. பிரதீப் கூட வர்றான்."

"இப்ப எங்க வர்றாகன்னு கேளுங்க."

அவர் பிரதீப்புக்குப் போன் போட்டார். பெரியகுளம் தாண்டிவிட்டார்களாம்.

"பாண்டி தம்பி, ஒங்க வீடு போடியிலதான? அங்க விடுங்க. அன்னக்கொடிட்ட ஒரு பழைய சேல வாங்கிக் கட்டிக்கிறேன். பொறகு தேனி ரோட்டுல விடுங்க. எம்பிள்ளைய வீட்டுல உக்காந்துக்கிட்டு வாங்க மாட்டேன். வண்டிக்கு எதுத்தாப்புல போவம்."

"மதினி, முத்துப்பாண்டி அண்ணன் வையும்..." என்று பாண்டியராஜன் இழுத்தார்.

"அவன் என்னையத்தான வைவான். விடுங்க."

பாண்டியராஜனின் மனைவி அன்னக்கொடிக்கு விஷயம் தெரியும். கதவைத் திறந்தவள் ஜக்கம்மாளைக் கண்டதும் ஓவென்று கத்தினாள். ஜக்கம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "பொறகு அழுவம். மொதல்ல சேலையக் குடு." வெளிறிப்போன ஒரு காவிநிற நூல்சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மயில்கழுத்துச் சேலையை அங்கேயே விட்டுவிட்டாள். அதை அவள் திரும்பக் கேட்கவே இல்லை.

கோடாங்கிபட்டியில் ரோட்டோரம் காத்திருந்தார்கள். ஐந்தரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. பாண்டியராஜன் நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டி நிறுத்தினார். பின்கதவு திறந்தது. பிரதீப் முன்னாலிருந்து இறங்கி ஓடிவந்து, "அத்தே," என்று அவள் கையைப் பிடித்தான். அவள் அதை விலக்கிவிட்டு ஏறினாள். வெள்ளைத்துணி சுற்றிய தலைமாட்டில் உட்கார்ந்தாள். துணியை விலக்கவில்லை. உள்ளங்கையை அதன் மேல் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"நீங்களும் ஏறுங்க மாமா," என்றான் பிரதீப். "எடம் இருக்கு."

சின்னச்சாமி படியில் கால் வைத்தார்.

"அவரு வேணாம்," என்றாள் ஜக்கம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "அவரு காலையில இருந்தே தெரிஞ்சு அவங்கூட இருந்தாரு. நான் இப்பத்தான் வந்திருக்கேன். அவரு கார்ல வரட்டும்."

அவர் காலை எடுத்துக்கொண்டார். கதவு மூடிக்கொண்டது.

ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே கார் போனது. உள்ளே அவள் குரல் எழும்பிவிட்டது என்று கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் தெரிந்தது. போடி கடைத்தெருவில் ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பாண்டியராஜன் இப்போது மறைக்காமல் அழுதுகொண்டு ஓட்டினார். "நான் அவனுக்குக் கத்துக் குடுத்திருக்கக் கூடாதுண்ணே," என்றார். "நீ இல்லேன்னா வேற யாராச்சும் குடுத்திருப்பாக," என்றார் சின்னச்சாமி. வாய் தானாகச் சரியான பதிலைச் சொன்னது.

சிலமலையில் ஆம்புலன்சிலிருந்து ஜக்கம்மாள் இறங்கியதைப் பார்த்து வாசலே திகைத்தது. முத்துப்பாண்டி ஓடிவந்தான். "ஏன் மாமா சொன்னீக? ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினான். உலுக்கிக்கொண்டே உடைந்து அழுதான். ஜக்கம்மாளைத் தாங்க நான்கு பெண்கள் வந்தார்கள். அவள் தாங்கவிடவில்லை. தானாகவே நடந்து போய்ப் பந்தலில் உட்கார்ந்தாள். கார்த்திகா தாயின் மடியில் விழுந்தாள். டாக்டர் இரண்டு முறை நாடி பார்த்தார். இரண்டாவது முறை பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

சின்னச்சாமிக்கு யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். யார் யாரோ வந்து அவர் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அப்போது ஒச்சப்பன் என்கிற பக்கத்துக் காட்டுக்காரர் குனிந்து காதோரம் சொன்னார்: "அண்ணே, ஒங்க டிராக்டரு வாசல்ல நிக்கிது. ஆம்புலன்சு திரும்ப எடம் பத்தல. சாவி எங்க இருக்கு?"

"நானே எடுக்கிறேன்," என்று எழுந்தார்.

வேண்டாம் என்று சொன்னார்கள். அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டார்ட் பண்ணி, பந்தல் கயிற்றில் படாமல் பின்னுக்கு எடுத்து, சந்து வழியாகக் களத்து ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு கம்பத்தில் கூட உரசவில்லை. ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒச்சப்பன் வந்தார். "அணைச்சிட்டு எறங்குங்கண்ணே."

அணைக்கிற குமிழ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷமாக ஓட்டுகிற வண்டி, குமிழை இழுத்தால்தான் நிற்கும். சாவியைத் திருகினார். ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினார். கியர்க் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "எங்கன இருக்குன்னு தெரியலியே ஒச்சு," என்றார்.

ஒச்சப்பன் படியில் ஏறி, அவருக்குக் குறுக்கே கை நீட்டி, குமிழைப் பிடித்து இழுத்தார். இஞ்சின் நின்றது. வாசலில் ஜக்கம்மாள் அழுகிற சத்தம் தனியாகக் கேட்டது.